தங்கராசா ஏன் கொட்டிலில் படுத்தார்

1

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஓர் உத்தியோகத்தர் வந்து போனார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊரில் முப்பது வருடம் அடுத்தவர்களின் வீடுகளுக்குக் கோப்பும் கையுமாகப் போய் வந்தவன் நான். இந்த வயதில்தான், வேறொருவர் கோப்போடு வந்து பார்க்கிற வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பாக்கியம் கிடைத்தது.

பெப்ரவரியில் வாசல் பனியில் வழுக்கி விழுந்தேன். எலும்பு உடையவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்காரர் விடவில்லை. கிழவன் வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறானா என்று பார்க்க ஆள் வரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் இருப்பது ரொறன்ரோவுக்குக் கிழக்கே, மகள் வசந்தியின் வீட்டில். ஆள் வரும் என்றதும் வசந்தி இரண்டு நாள் வேலைக்கு லீவு போட்டு வீட்டைக் கழுவித் துடைத்தாள். வேண்டாம், வீடு எப்போதும்போல இருந்தால்தான் வருகிற ஆளுக்கு வேலை நடக்கும் என்று தலையால் நடந்து சொன்னேன். கேட்கவில்லை. ஊரிலும் ஒருவரும் கேட்டதில்லை. நான் வருகிறேன் என்று தெரிந்தால் முற்றம் கூட்டி, பிள்ளைகளுக்குப் பவுடர் பூசி வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். அதனால்தான் நான் சொல்லாமல் போகப் பழகினேன்.

வந்த பிள்ளையின் பெயர் மரிசா. முப்பது வயது இருக்கும். தாய் தகப்பன் பிலிப்பைன்ஸ்காரர். யாரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். அந்த இடத்திலேயே நான் அவளுக்குப் புள்ளி போட்டுவிட்டேன். பிறகு அவள் கண் போகிற இடமெல்லாம் என் கண்ணும் போனது. தரைவிரிப்பின் ஓரம் சுருண்டிருக்கிறதா, மாடிப்படியில் கைபிடி ஆடுகிறதா, மருந்துப் பெட்டியில் நேற்றைய அறை காலியா, குளிர்சாதனப் பெட்டியில் என் தட்டு தனியாக இருக்கிறதா. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது. இதையெல்லாம் யாரும் புத்தகத்தில் படித்து வருவதில்லை. நூறு வீடு ஏறி இறங்கினால்தான் கண் இப்படித் திரியும்.

பிறகு கேள்விகள். என் ஆங்கிலம் பழைய பள்ளிக்கூட ஆங்கிலம். சுற்றி வளைக்காமல் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன்.

இது உங்கள் வீடா என்று கேட்டாள். இல்லை, மகளின் வீடு என்றேன். இதற்கு முன் சொந்த வீட்டில் இருந்தீர்களா? இல்லை, மனைவியின் வீட்டில். அதற்கு முன்? அம்மாவின் வீட்டில். அவளுடைய பேனை நின்றது. உங்களுக்கென்று ஒரு வீடு இருந்ததே இல்லையா என்று மெதுவாகக் கேட்டாள்.

ஒருநாளும் இல்லை என்றேன், மிகுந்த திருப்தியோடு.

அவள் நீளமாக எழுதினாள்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. இந்த முதியவர் தான் இருக்கும் இடத்தைத் தன் வீடாக உணரவில்லை. முதியோர் குடியிருப்பின் காத்திருப்புப் பட்டியலில் பெயரைச் சேர்க்கலாம். மனநல ஆலோசகர் ஒருவர் பேசலாம். வசந்தி அடுப்படியில் நின்றபடியே வாசித்தாள். அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏனப்பா அப்பிடிச் சொன்னீங்க? நான் உங்கள வெளியில போடப் பாக்கிறன் எண்டெல்லோ அவங்க நினைச்சிரிக்காங்க."

2

மட்டக்களப்பாருக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மகள் பிறந்தால் தகப்பன் வீடு கட்டத் தொடங்குவான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்குப் போவான். அக்காவுக்குத் தாயின் வீடு போனால் தங்கைக்குப் பக்கத்து வளவில் இன்னொன்று எழும்பும். ஆண் பிறக்கிறது தாயின் வீட்டில், வாழ்கிறது மனைவியின் வீட்டில், முதிர்கிறது மகளின் வீட்டில். இதில் எங்களுக்கு வெட்கமும் இல்லை, குறையும் இல்லை. கூரை ஒழுகினால் நாங்கள்தான் ஏறுவோம். வீடு யாருடையது என்றால் அவளுடையது என்போம். அவ்வளவுதான்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் இதைப் பேரன் கவினுக்கு விளக்கினேன். அவனுக்குப் பதினாறு வயது. தமிழ் கேட்டால் விளங்கும், பேசச் சொன்னால் தோளைக் குலுக்குவான். இந்த விஷயத்துக்கு மட்டும் வாய் திறந்தான்.

"அம்மப்பா, அப்ப இந்த வீடு?"

"தங்கச்சிக்கு."

"எனக்கு?"

"உனக்கு வாற பொண்டாட்டிட வீடு."

அவனுடைய தங்கை மேசையில் தாளம் போட்டாள். இனி என்னுடைய அறைக்குள் வரும்போது கதவைத் தட்டு என்று அவனுக்கு ஆங்கிலத்தில் கட்டளையும் போட்டாள். வசந்திக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த நாள் நான் மரிசாவின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்து, பிரெஞ்சுக்கு இரண்டை அழுத்து. பிறகு நாலு, பிறகு ஏழு, பிறகு அரை மணித்தியாலம் பியானோ. கடைசியில் ஆளைப் பிடித்தேன். "பிள்ளை, நீ பார்த்ததெல்லாம் சரி. எழுதியது மட்டும் பிழை. இன்னொரு தடவை வா, உனக்கு ஒரு கதை இருக்கிறது" என்றேன். அவள் சிரித்தாள். வருவதாகச் சொன்னாள்.

அவளுக்கு நான் சொன்ன கதைதான் இது. அவளுக்குச் சொல்லும்போது பல இடங்களில் ஆங்கிலம் கைவிட்டுவிட்டது. உங்களுக்கு முழுதாகச் சொல்கிறேன்.

3

சுனாமிக்குப் பிறகு மூன்றாவது மாதம். நான் அப்போது சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தர். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. எங்கே பார்த்தாலும் கூடாரம், எங்கே பார்த்தாலும் வாகனம். புதிது புதிதாகப் பிள்ளைகள் விடுதிகள் முளைத்துக்கொண்டிருந்தன. கட்டிலும் மெத்தையும் வந்து இறங்கியிருந்தன. கட்டிலை நிரப்பப் பிள்ளைகள் வேண்டும்.

களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய துண்டில் ஒரு கிராமம். தங்கராசா வாவியில் மீன்பிடிப்பவர். மனைவி பாக்கியம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. மூன்று பிள்ளைகள். மூத்தவள் சுதா, பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று. நடுவில் ஒரு பையன், கடைசியாக நாலு வயதுப் பெண். வீடு வாவிப் பக்கம் இருந்ததால் சுவர் தப்பியிருந்தது. ஓடு பாதிதான் மிச்சம். நீலத் தறப்பாள் போட்டு மூடியிருந்தார்கள்.

தங்கராசாவின் தமையன் எனக்கு முன்பே அங்கே வந்து நின்றார். பட்டணத்தில் ஒரு விடுதியில் பெண் பிள்ளைகள் இருவருக்கும் இடம் பேசியாகிவிட்டது, பையனுக்கு வேறு விடுதி, புதுவருடம் முடிந்ததும் கொண்டுபோய் விடவேண்டும், நான் எழுத வேண்டியதுதான் பாக்கி என்றார். கெட்ட மனிதர் அல்ல. பெரியபிள்ளையாகிற வயதில் ஒரு பெண், வீட்டில் பொம்பிளைத் துணை இல்லை, காலமும் சரியில்லை, இயக்கத்துக்குப் பிள்ளை பிடிப்பார்கள் என்ற பயம். அந்த நாட்களில் வளர்ந்த பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கிற எல்லாருக்கும் வயிற்றில் நெருப்புத்தான். விடுதி என்றால் மதிலும் கேற்றும் உண்டு என்று சனம் நம்பியது.

நான் எதைப் பார்த்தாலும் எண்ணுகிறவன். என் மனைவி இதை ஒரு வருத்தம், ஒரு நோய் என்று சொல்வாள். ஆனால் வீடு பார்க்கிற வேலைக்கு இந்த வருத்தம் நல்லது. அன்று நான் எண்ணியவை: உள்ளே ஒரே வரிசையில் மூன்று தலையணை. மூன்றும் சின்னவை. பெரியவர் படுக்கிற அடையாளம் ஒன்றுமில்லை. அடுப்பில் பழைய சாம்பல். பையன் ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தான், சின்னவள் வேறொரு வீட்டில். சுதா மட்டும் ஒரு தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தகப்பன் வளவின் மூலையில், வலை வைக்கிற கொட்டிலில் குந்தியிருந்தார். அவருடைய பாய் அங்கேதான் சுருட்டி வைத்திருந்தது.

"ராவில எங்க படுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"இஞ்சதான் சேர்."

"பிள்ளையள்?"

"அதுகள் உள்ள."

அன்று மாலை அலுவலகத்தில் இருந்து அறிக்கையைத் தொடங்கினேன். வீட்டில் அடுப்பு எரிவதில்லை, பிள்ளைகள் மூன்று இடத்தில் சாப்பிடுகிறார்கள், தகப்பன் ஒதுங்கி இருக்கிறார். இதை வாசித்தால் யாரும் விடுதிக்குத்தான் கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் ஒன்று இடித்தது. சின்னவளின் தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் பின்னியிருந்தது. ஒதுங்கிப்போன தகப்பனுக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் அப்படி வகிடு எடுக்க வராது.

அறிக்கையை முடிக்காமல் வைத்துவிட்டு, அடுத்த கிழமை சொல்லாமல் கொள்ளாமல் விடியப்புறமே போய் நின்றேன்.

4

சுதா வாவிக்கரையில் நின்றாள். மண்டூர்ப் பக்கமிருந்து ஒரு தோணி வந்தது. தோணிக்காரர் தூக்குச் சட்டி ஒன்றை நீட்ட, இவள் நேற்றைய சட்டியைக் கழுவிக் கொடுத்தாள். கடைசித் தங்கையையும் தோணியில் ஏற்றிவிட்டாள். பின்னேரம் அதே தோணியில் அவள் திரும்பி வருவாளாம், தலை பின்னி, பூ வைத்து.

யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டேன்.

"சின்னம்மா," என்றாள். வாவியின் அடுத்த கரையைக் கையால் காட்டினாள். படுவான்கரை.

பாக்கியத்துக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. தமையன் சொல்லவில்லை, தங்கராசா சொல்லவில்லை, கிராமத்தில் ஒருவரும் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. என் கையிலிருந்த படிவத்தில் வீட்டில் வசிப்பவர்கள் யார் யார் என்றுதான் இருந்தது. வசித்துவிட்டுப் போனவர்கள் யார் என்று இல்லை.

அன்றே குருமண்வெளியில் மோட்டார் சைக்கிளோடு பாதையில் ஏறினேன். பாதை என்றால் வாவியைக் கடக்கிற மிதவை. அக்கரைக்குப் போக இராணுவம், இயக்கம் என்று இரண்டு தரப்பின் சோதனையும் தாண்ட வேண்டும். இரண்டு இடத்திலும் கோப்பைத் திறந்து காட்டினேன்.

யோகம் தன் பெரியம்மாவின் வீட்டு விறாந்தையில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது, கலியாணம் ஆகவில்லை. பாடசாலைச் சீருடைகள் ஒரு குவியலாகக் கிடந்தன. அக்காவின் கடைசிப் பிள்ளை காலடியில் இருந்து துணித்துண்டில் பொம்மைக்குச் சட்டை வெட்டிக்கொண்டிருந்தது. யோகம் எழும்பவில்லை. ஒரு தையலை முடித்துவிட்டு, பல்லால் நூலைக் கடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

தங்கராசாவின் பிள்ளைகள் இருந்த வீடுதான் அவள் பிறந்த வீடு. தாயின் வீடு அக்காவுக்குச் சீதனமாகப் போனது. தங்கைக்குப் பக்கத்தில் வீடு கட்டுவதற்கு முன் தகப்பன் போய்விட்டார். அதனால் அவள் அக்காவோடு அதே வீட்டில் இருந்தாள். மூன்று பிள்ளைகளையும் வளர்த்தது பாதி அவள்தான். அக்கா செத்து முப்பத்தோராம் நாள் முடிந்த அன்று மெஷினைத் தோணியில் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்துவிட்டாள்.

ஏன் போனாய் என்று கேட்டேன். பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பப் போகிறார்கள், தெரியுமா என்றும் கேட்டேன். தெரியும் என்று தலையாட்டினாள். கண் நிறைந்தது. துடைக்காமலே அடுத்த துணியை எடுத்தாள்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து பழகியவனுக்கு வருகிற யோசனை. எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே கையெழுத்தில் முடிவு. அக்காவின் புருஷன்தானே, பிள்ளைகளுக்காக அவரையே கலியாணம் முடித்தால் என்ன என்று, முடிந்த அளவு மெதுவாகக் கேட்டுவைத்தேன்.

மெஷின் நின்றது.

"என்ன சேர், நான் வீட்டைக் கேக்கிறன், நீங்க ஆளத் தாறீங்க?"

உள்ளேயிருந்து அவளுடைய பெரியம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குக் காது சுட்டது.

"மச்சான் தங்கமான மனிசன். என்னைத் தூக்கி வளத்தவர் மாதிரி. அவரைப் போய்..." என்று அவள் நிறுத்தினாள். பிறகு சொன்னாள்: "சுனாமிக்குப் பதிய வந்தவங்க அவர்ர பேரில வீட்டை எழுதிட்டுப் போயிட்டாங்க. குடும்பத் தலைவராம். அக்காட வீடு எண்டா அது என்ட வீடு. நான் இருப்பன். சுதாட வீடு எண்டாலும் இருப்பன். பொஞ்சாதி செத்த ஆம்புளைர வீட்ட, ஒரு குமர் எப்பிடிப் போய் இரிக்கிற? சேர் ஆருட வீட்ட இரிக்கீங்க?"

"பொஞ்சாதிர வீட்ட," என்றேன்.

"மறுகா?" என்றாள்.

மறுகா என்றால் எங்கள் பக்கத்தில் பிறகென்ன. முப்பது வருடம் மனைவியின் வீட்டில் சோறு தின்றவன், குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் தங்கராசா என்று நானும் எழுதியிருந்தேன். வீட்டில் ஒரு வழக்கம், அலுவலக மேசையில் இன்னொரு வழக்கம். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். கிராமத்தில் ஒருவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை, ஏனென்றால் பதிய வந்தவர்களும் மட்டக்களப்பார், பதிந்தவர்களும் மட்டக்களப்பார்.

திரும்பி வரும்போது பாதையில் வெயில் கொளுத்தியது. எனக்கு உள்ளே ஒரு குதியாட்டம். கொட்டிலில் கிடந்த பாய் இப்போதுதான் விளங்கியது. நேரே தங்கராசாவிடம் போனேன். அவர் வலையில் சிக்கியிருந்த பாசியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"யோகம் வரட்டும் எண்டுதானே நீங்க உள்ள படுக்கிறல்ல?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "நான் உள்ள இரிந்தா அந்தப் புள்ள எப்பிடி சேர் வாற?"

"அதை அவவுக்குச் சொன்னீங்களா?"

"அதெப்பிடி நான் சொல்ற?"

அவரால் சொல்ல முடியாது. அவளால் கேட்க முடியாது. ஒருவர் கொட்டிலில், ஒருவர் அக்கரையில். நடுவில் வீடு ஆளில்லாமல் கிடக்க, பிள்ளைகளுக்கு வேறு இடத்தில் கட்டில் தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டு வீட்டிலும் உட்கார்ந்து எழும்ப ஒரு மூன்றாம் ஆள் வேண்டியிருந்தது. அதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

5

இதுவரை சொன்னதும் மரிசா ஒரு கேள்வி கேட்டாள். அப்படியென்றால் அந்தத் தகப்பன் ஒதுங்கி இருக்கிறார் என்று நீங்கள் எழுதியதும், இதை உங்கள் வீடாக நீங்கள் உணரவில்லை என்று நான் எழுதியதும் ஒன்றா? ஒன்றுதான் என்றேன். கண் பார்த்தது சரி, கேட்க வேண்டிய ஆளைக் கேட்கவில்லை. வசந்தி அப்போது தேநீரோடு வந்தாள். முதல் தடவை வந்தபோது வசந்தியிடம் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விதி அப்படியாம். கிழவர்களைத் தனியாகத்தான் கேட்க வேண்டுமாம், பிள்ளைகளுக்குப் பயந்து பொய் சொல்லக்கூடும் என்பதால். அதுவும் நல்ல விதிதான்.

மரிசா வசந்தியின் பக்கம் திரும்பினாள். குளியலறையில் ஒரு கைபிடி பூட்ட வேண்டும், சுவரில் துளை விழும், வீட்டுக்காரி நீங்கள், சம்மதமா என்று கேட்டாள். வசந்தி ஓமென்றாள். பிறகு அவளாகவே சொன்னாள், அப்பா தன் அறையில் ஒரு படம் மாட்டுவதற்குக்கூட என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஆணி அடிப்பார், முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும் என்று. மரிசா எழுதியதை வெட்டி வேறு எழுதினாள். காத்திருப்புப் பட்டியல் பேச்சு அதோடு போய்விட்டது. ஆலோசகரை மட்டும் நான் வரச் சொல்லியிருக்கிறேன். பேச ஒரு ஆள் இலவசமாகக் கிடைத்தால் விடுவானேன்.

மிச்சக் கதையையும் சொல்லுங்கள் என்று மரிசா கதிரையை இழுத்துப் போட்டாள். அவளுக்கு அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகியிருந்தது.

6

வீட்டைச் சுதாவின் பேருக்கு மாற்ற வேண்டும். சொல்ல இலகு. பிரதேச செயலகத்தில் பொறுப்பாக இருந்த பொடியன் நல்லவன், என்னிடம் பாடம் கேட்டவன் மாதிரி மரியாதை. ஆனால் விதியைத் தாண்ட மாட்டான். தாய் செத்தால் சட்டப்படி பாதி தகப்பனுக்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் வயது வராதவர்கள். வீடு திருத்துகிற உதவி தகப்பன் பேரில்தான் வரும். "தகப்பன்ர பாதியைத் தகப்பனே மகளுக்கு எழுதிக் குடுத்தா?" என்று கேட்டேன். அவன் சுற்றறிக்கையைப் புரட்டினான். அப்படி எழுதக்கூடாது என்று எங்கேயும் இல்லை.

களுவாஞ்சிக்குடியில் ஒரு பிறக்கிராசியாரின் கந்தோரில் தங்கராசாவை உட்கார வைத்தோம். காணி உறுதி எழுதுகிற அந்தக் கிழவர் கறாரான ஆள். எழுதுவதற்கு முன் தங்கராசாவிடம் கேட்டார், இதில் கையெழுத்து வைத்தால் உனக்கு அந்த வளவில் ஒரு ஓலையும் சொந்தமில்லை, யோசித்தாயா என்று. எனக்கும் அதே பயம். பிள்ளைகளைக் காப்பாற்றப் போய் ஒரு மனிதனைத் தெருவில் விட்டுவிடுவோமோ என்று இரண்டு இரவு புரண்டிருந்தேன். நானும் கேட்டேன், நாளைக்கு மருமகன் ஒருவன் வந்து வெளியே போ என்றால் என்ன செய்வீர்கள் என்று.

தங்கராசா அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

"எங்கட ஊரில ஆம்புளைக்கு ஏது சேர் வீடு?"

பிறக்கிராசியார் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் மனைவி வீட்டில் இருக்கிறவர்தான். சுதாவுக்கு வயது வரும்வரை யோகம் காப்பாளர் என்று அவர் எழுத, தங்கராசா ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை வைத்தார்.

நீதிமன்றத்துக்கு என் அறிக்கை போனது. தொடங்கியதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தேன். பிள்ளைகள் மூவரும் ஒரே வீட்டில், சின்னம்மாவின் பொறுப்பில். தமையன் வந்து ஆட்சேபித்தார். விடுதியில் கட்டில், மெத்தை, கணினி எல்லாம் இருக்கிறதே என்றார். நீதவான் சுதாவைப் பார்த்து நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். அவள் நடுங்கிக்கொண்டு நின்றாள். பிறகு ஒரே வசனம் சொன்னாள்.

"தம்பியையும் தங்கச்சியையும் என்ட வீட்ட விடுங்க ஐயா, நாங்க பாப்பம்."

என்ட வீட்ட என்று சொன்னபோது அவள் குரல் நடுங்கவில்லை. மூவரும் வீட்டில் இருக்கலாம் என்று கட்டளை வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருதரம் நான் போய்ப் பார்த்து எழுத வேண்டும். தமையன் வெளியே வந்து பையனுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார். அவருக்கும் உள்ளூர ஒரு பாரம் இறங்கியிருக்க வேண்டும்.

யோகம் வந்த நாளும் நான் போயிருந்தேன். வேலை என்று சொல்ல முடியாது, பார்க்க ஆசை. தோணியில் முன்னால் மெஷின், பின்னால் அவள். தங்கராசா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மெஷினைத் தோளில் தூக்கி வந்தார். வாசல்படிவரை கொண்டுவந்து வைத்துவிட்டு அப்படியே பின்வாங்கிக் கொட்டில் பக்கம் நடந்தார். உள்ளே அடுப்பு மூண்டது. அந்தப் புகை தறப்பாளின் கிழிசல் வழியே மேலே போவதை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

சோறு வெந்ததும் யோகம் தட்டுகளில் போட்டாள். வழக்கப்படி ஒரு தட்டு கொட்டிலுக்குப் போக வேண்டும். சுதா அதைக் கையில் எடுக்கவில்லை. வாசலுக்கு வந்து நின்றாள்.

"அப்பா, உள்ள வந்து சாப்பிடுங்க."

தங்கராசா அசையவில்லை. யோகத்தின் பக்கம் ஒரு பார்வை போனது. யோகம் சுவரைப் பார்த்தாள்.

"இது என்ட வீடு. நான்தான் கூப்பிடுறன். வாங்க," என்றாள் சுதா.

அவர் காலைக் கழுவினார். நீண்ட நேரம் கழுவினார். பிறகு தலையைக் குனிந்து, விருந்துக்கு வந்த மனிதரைப்போல உள்ளே போனார்.

7

கட்டளைப்படி ஆறு மாதத்துக்கு ஒருதரம் போனேன். நடுவில் சண்டை திரும்பவும் மூண்டது. சில தடவை போக முடியாமல் போனது. போன தடவைகளில் என்ன கற்றேன் என்று கேட்டால், கதிரை தந்தால் கதிரையிலும் பாய் தந்தால் பாயிலும் இருக்கவும், தருகிற தேநீரை முழுதாகக் குடிக்கவும், கோப்பை உடனே திறக்காமல் இருக்கவும் கற்றேன். வீட்டுச் சனம் தங்களுக்குள்ளேயே ஏதோ ஒரு வழி வைத்திருப்பார்கள். தோணியில் போய் வருகிற தூக்குச் சட்டிபோல. அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் கொடுக்கிற உதவி அந்த வழியில் ஒரு கல்லாகக் கிடந்துவிடக் கூடாது.

யுத்தம் முடிந்த வருடம், நான் இங்கே வருவதற்குச் சற்று முன், கடைசியாகப் போனேன். வீட்டுக்கு ஓடு முழுதாகப் போட்டிருந்தது. யோகத்தின் மெஷின் இரண்டாகியிருந்தது. அவள் சொந்த உழைப்பில் பக்கத்து வளவில் தனக்கு அத்திவாரம் வெட்டியிருந்தாள். பையனுக்குக் குரல் உடைந்திருந்தது. தங்கராசா வாவியிலிருந்து வந்து விறாந்தையில் அயர்ந்து நித்திரை. சுதாவுக்குப் பதினெட்டு ஆகப் போகிறது, உயர்தரம் படிக்கிறாள். எனக்கு அவள்தான் தேநீர் தந்தாள்.

"இனி வரமாட்டன். கோப்பு முடிஞ்சிது," என்றேன்.

"கோப்போட வந்தாக்கள் ஒருத்தரும் இஞ்ச சும்மா வந்ததில்ல சேர். ஒருக்காச் சும்மா வாங்க."

வருகிறேன் என்றேன். பிறகு விமானம், பனி, பேரப்பிள்ளைகள். வருடங்களை எண்ண எனக்குத் தெரியும், எண்ணாமல் விட்டுவிட்டேன்.

மரிசா போன அன்று மாலை, பழைய இலக்கம் ஒன்றைத் தேடி எடுத்து அழைத்தேன். சுதாவே எடுத்தாள். இப்போது ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய். என் குரலை உடனே பிடித்துவிட்டாள். தகப்பன் இருக்கிறார், வாவிக்குப் போவதில்லை, வலை மட்டும் பொத்துகிறார். ஆவணியில் கடைசித் தங்கைக்குக் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்களாம். மூன்றாவது வீடு அந்த வளவில். நான் அந்த நிமிடமே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வசந்தி இரவோடிரவாகச் சீட்டுப் பார்த்தாள்.

"மெய்யா வாறீங்களா சேர்? கையில ஒண்டும் கொண்டு வராதீங்க," என்றாள் சுதா.

எனக்கு இப்போது அதுதான் பெரிய யோசனை. முப்பது வருடம் எந்த வாசலில் நின்றாலும் என் இடது கக்கத்தில் ஒரு கோப்பு இருந்தது. அது இல்லாமல் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் இந்தக் கையை எங்கே வைப்பது? வசந்தி சிரிக்கிறாள். முன் கதவைத் திறந்து வெளியே போய், மணியை அடித்து, கைகளை வீசிக்கொண்டு உள்ளே வந்து பழகுகிறேன். நேற்று அவளே கதவைத் திறந்து, "வாங்க, இருங்க, என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டாள்.